கழுத்துக்குக் கீழே

திருவேட்டக்குடி முனையில் புதிதாகக் கட்டியிருந்த பிளக்ஸ் பேனருக்கு எதிரே கனகாம்பாள் மீன் கூடையை இறக்கி வைத்தாள். பேனரில் இருப்பவன் அவள் மகன். ஊரில் போகிற வருகிற எல்லாரும் நின்று அவன் முகத்தைப் பார்த்தார்கள். அவள் மட்டும் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முகம் கவியரசனுடையதுதான். அக்கா ஜெயப்ரியாவின் கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றபோது எடுத்த படம். வாளியை வெட்டிவிட்டார்கள். ஆனால் இலையை நோக்கிச் சாய்ந்த கழுத்தை ஒன்றும் செய்ய முடியவில்லை போலிருக்கிறது. அதனால் கையில் துப்பாக்கியோடு நிற்கும் மாவீரன், இன்னும் கொஞ்சம் ஊத்தவா என்று யாரையோ கேட்பது போல இருந்தான். கழுத்துக்குக் கீழே வேறு ஆள். காரைக்கால் டிசைன் கடைப் பையன் ராணுவம் என்று தேடியபோது வந்த முதல் உடம்பை எடுத்து ஒட்டியிருந்தான். கவியரசன் சேர்ந்தது எந்த நாட்டுப் படை, அவனைப் பிடித்தது எந்த நாட்டுப் படை என்பதில் கடைக்காரனுக்கும் தெளிவில்லை, பேனருக்குப் பணம் கொடுத்தவர்களுக்கும் தெளிவில்லை. முன்ஜாக்கிரதையாக, தோளில் கொடி தைத்திருந்த இடத்தை மறைத்து ஒரு வட்டப் படம் போட்டிருந்தார்கள். வட்டத்துக்குள் உத்திராபதி கைகூப்பிச் சிரித்தார். ‘களம் கண்ட கடைமடைச் சிங்கமே, கலங்காதே! காக்க வருகிறோம்! இவண்: கடலோர மக்கள் எழுச்சிப் பேரவை, நிறுவனர்-தலைவர் உத்திராபதி.’ காக்க யார் வருகிறார்கள், எந்த வழியாக என்று எழுத பேனரில் இடம் போதவில்லை.

கால்கள் இரண்டும் நன்றாக இருந்தன. கனத்த பூட்ஸ் போட்டு, கொஞ்சம் அகட்டி, பாறைமேல் ஊன்றிய கால்கள். கனகாம்பாள் அவற்றை மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு தலத்தெருவுக்கு பஸ் ஏறப் போனாள்.

ரஷ்யாவில் குளிர்பதனக் கிடங்கு வேலை என்றுதான் கவியரசனை அனுப்பிய தரகர் சொன்னார். மீன் பெட்டி அடுக்கும் வேலை. “இங்க அடுக்குற பெட்டிய அங்க போயி அடுக்கணுமாக்கும்” என்று கனகாம்பாள் கேட்டாள். இங்கே ஐஸ் கம்பெனியில் அடுக்கினால் அடுக்கிய கையோடு வீட்டுக்கு வரலாம் என்பது அவள் கட்சி. அங்கே அடுக்கினால் வீடே கட்டலாம் என்பது கவியரசனின் கட்சி. போய் இறங்கியதும் படிக்கத் தெரியாத எழுத்தில் ஏதோ தாள் கொடுத்தார்கள், கையெழுத்துப் போட்டான். ‘கிடங்குக்கு அனுப்புறதுக்கு முன்னாடி ஏதோ பயிற்சி குடுக்குறாங்கம்மா, ஓடச் சொல்றாங்க’ என்று வாட்ஸப்பில் குரல் வந்தது. ஓடுவதில் அவனுக்குக் கஷ்டமில்லை. ஊர் கால்பந்து அணியில் வலது ஓரம் அவன்தான். நெடுங்காட்டு மைதானத்தில் அவன் பந்தைத் தள்ளிக்கொண்டு ஓடுவதைப் பார்க்கவே சில பேர் சைக்கிள் மிதித்து வருவார்கள். அந்தக் குரலுக்குப் பிறகு மாதக்கணக்கில் ஒன்றுமில்லை. அப்புறம் டிவியில் உக்ரைன்காரர்கள் பிடித்துவைத்த ஆட்கள் என்று ஒரு வரிசையைக் காட்டினார்கள். அதில் ஒரு தலை நம்ம பையன் மாதிரி இருக்கிறதே என்று தலத்தெரு டீச்சரம்மா வாளை மீனைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னாள். சொல்லிவிட்டு விலையையும் குறைக்கச் சொன்னாள்.

அவனாக முதலில் கூப்பிட்டபோது எடுக்க ஆள் இல்லை. அதற்கும் பேரவைதான் காரணம். இணைய மோசடி விழிப்புணர்வு முகாம் என்று சமுதாயக் கூடத்தில் ஒன்று நடந்தது. வெளிநாட்டு எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்கவே மாட்டோம் என்று உத்திராபதி மைக்கில் சொல்லச் சொல்ல, ஊரே கையை நீட்டி உறுதிமொழி எடுத்தது. ஜெயப்ரியாவும் நீட்டினாள். அதனால் அவள் போனில் அந்த நீளமான எண் வந்தபோதெல்லாம் உறுதிமொழிப்படி துண்டித்தாள். அடுத்த தடவை அடித்தபோது அவள் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். முகாம் நடந்த நேரத்தில் மீன் விற்கப் போயிருந்த கனகாம்பாளுக்கு உறுதிமொழி எதுவும் தெரியாது. எடுத்துவிட்டாள்.

“அம்மா.”

குரல் யாருடையதோ போல இருந்தது. அவள் முதலில் கேட்டது, “சளி புடிச்சிருக்கா?” என்றுதான்.

அந்தப் பக்கம் சிரிப்பு வந்தது. சிரிப்பு அவனுடையது. பிடிபட்டுவிட்டதாகச் சொன்னான். அடிக்கவில்லை என்றான். பீட்ரூட் சூப் கொடுக்கிறார்கள் என்றான். அங்கே பனி விழுவதைப் பற்றிச் சொன்னான், ஐஸ் கம்பெனியில் கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்குமே அது மாதிரி, ஆனால் கதவே கிடையாது என்றான். பக்கத்தில் ஆள் இருக்கிறார்கள், ரொம்ப நேரம் பேச விடமாட்டார்கள் என்றான். அவன் அப்பா காத்தமுத்து ஓடி வந்து போனை வாங்கினார். கடலில் இருக்கும் ஆட்களோடு ஒயர்லெஸ்ஸில் பேசியே பழகிய மனிதர். அதில் ஒரு பேச்சைப் பேசிவிட்டுப் பித்தானை விட்டால்தான் எதிராளி பேச முடியும். பேசுவதைச் சுற்றியிருக்கும் படகுகள் எல்லாம் கேட்கும், அதனால் மனதில் இருப்பதை எவனும் பேச மாட்டான். போனை வாய்க்கு நேராகப் பிடித்து, “நல்லாருக்கியா, ஓவர்” என்றார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கடலைப் பார்த்து நின்றார்.

“அம்மா, பரண்ல என் பூட்ஸு இருக்குல்ல?”

“இருக்கு. தொடச்சுதான் வச்சிருக்கேன்.”

“அத ஆதவனுக்குக் குடுத்துடு.”

“ஏன்?”

“சும்மா கெடக்குதுல்ல” என்றான். அதோடு நின்றுபோனது.

உயிரோடு இருக்கிறான் என்பதை அன்று ஊர் முழுக்கச் சொல்லி வந்தார்கள். கோயிலில் சூடம் கொளுத்தினார்கள். காத்தமுத்து ரொம்ப நாளைக்குப் பிறகு முழுச் சோற்றைச் சாப்பிட்டார். கனகாம்பாள் பரணுக்கு எதிரே நின்றிருந்தாள். ஐஸ் கம்பெனியில் வாங்கிய முதல் சம்பளத்தில் எடுத்த பூட்ஸ் அது. ஆட்டம் முடிந்து வந்தால் சோறு திங்குமுன் அதன் அடியிலிருக்கும் குமிழ்களில் ஒட்டிய மண்ணை ஈர்க்குச்சியால் நோண்டி எடுப்பான். தங்கச்சி முறையாகிற பிள்ளைகள் தொட்டால்கூடக் கத்துவான். ரஷ்யாவுக்குப் போகுமுன் வேட்டித் துணியில் சுற்றி, “வந்து போட்டுக்குறேன், எவன் கேட்டாலும் குடுக்காத” என்றவன்.

மீன் விற்கிறவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. வலை அறுத்ததோ நண்டு கடித்ததோ, அடிபட்ட மீனாக இருந்தால் அந்தப் பக்கத்தைக் கீழே வைத்து அடுக்குவாள். மேலே பளபளவென்று இருக்கும். அதைப் பொய் என்று சொல்ல முடியாது, மேலே தெரிவதும் அந்த மீன்தான். கனகாம்பாள் முப்பது வருஷமாக அப்படித்தான் அடுக்குகிறாள். இப்போது பூட்ஸைப் பார்க்கப் பார்க்க, பீட்ரூட் சூப், பனி, அடிக்கவில்லை என்று மேலே மேலே அடுக்கி வைத்தவன் அடியில் எதையோ வைத்திருக்கிறான் என்று தோன்றியது. அவன் கால்.

ஜெயப்ரியாவிடம் சொன்னாள். “உனக்கு எப்பவும் இப்புடித்தான் தோணும்” என்றாள் மகள். “உசுரோட பேசுறான், அத நெனைச்சு சந்தோசப்படாம.” காத்தமுத்திடம் சொன்னாள். அவர் வலையைத் தைத்துக்கொண்டே, “புள்ள சொல்லிட்டான், குடுத்துடு” என்றார். அவர் தலையை நிமிர்த்தாத விதத்திலிருந்து அவருக்கும் அது தோன்றிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது.

ஆதவன் தானாகவே வந்தான். கவியரசனோடு கூட ஆடியவன், அதே தரகரிடம் முன்பணம் கட்டிவிட்டுக் கடைசி நாளில் பின்வாங்கியவன். அதனால் இந்த வீட்டு வாசலில் கொஞ்ச நாளாகக் குனிந்த தலையோடு நடந்தான்.

“நாங் கேக்கல அத்தை” என்றான்.

“அவனே குடுக்கச் சொல்லிட்டான். வேணுமா உனக்கு?”

“எனக்கு அது சேராது அத்தை. அவனுக்கு எட்டு, எனக்குப் பத்து. அவனுக்குத் தெரியும். ஒரு தடவ போட்டுப் பாத்துட்டு வெரல மடக்கிக்கிட்டு நொண்டுனேன், விழுந்து விழுந்து சிரிச்சான்.”

கனகாம்பாள் அவனுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். சேராது என்று தெரிந்தே சொல்லியிருக்கிறான். அப்படியானால் ஆதவனுக்குக் கொடுக்கவேண்டும் என்பதில்லை. வீட்டில் இருக்கக்கூடாது என்பதுதான். அல்லது ஒன்றுமே இல்லை. பேச நேரம் கொஞ்சம் மிச்சமிருந்தது, வாயில் வந்ததைச் சொன்னான், அவ்வளவுதான். இரண்டில் எது என்று அவன் எழுந்து நின்றால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். அதை இங்கேயிருந்து எப்படிப் பார்ப்பது?

அதற்கு வழி வந்தது. ஜெயப்ரியாவின் போனுக்கு அதே நீளமான எண்ணிலிருந்து தகவல் வந்தது. இன்ன தேதி, இன்ன நேரம், கைதி வீடியோவில் பேசுவான். பத்து நிமிஷம் போல. குடும்பத்தார் மட்டும்.

உத்திராபதிக்கு இது எட்டியபோது அவர் பெரிய கூடத்தில் சின்ன மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றி எப்போதும் யாராவது நின்றுகொண்டிருப்பார்கள், அதனால் உட்கார்ந்திருந்தாலும் அவர் நிற்பது போலத்தான் இருக்கும். முன்பு மீன் ஏலம் விட்டவர். ஏலம் விட்ட குரல்தான் பேரவையின் மொத்த மூலதனம்.

“குடும்பத்தார் மட்டும்னு போட்டிருக்கு தம்பி” என்றாள் கனகாம்பாள்.

“குடும்பம்னா யாரு அண்ணி? எங்கண்ணன் காத்தமுத்து மவன் எனக்கு மவன் இல்லையா? இந்த ஊரே ஒரு குடும்பம்தானே?”

போன வருஷம் கோயில் வரிக் கணக்கில் உத்திராபதி காத்தமுத்து வீட்டைப் பத்து நாள் தள்ளி வைத்தார். அப்போது குடும்பத்தின் அளவு கொஞ்சம் சின்னதாக இருந்தது. அதை இப்போது நினைவுபடுத்துவதில் பயனில்லை. டெல்லிக்கு மனு எழுதவும் புதுச்சேரிக்குப் போகவும் பேரவையின் லெட்டர்ஹெட் தேவைப்பட்டது.

“எனக்கு வேற ஒண்ணும் வேணாம் தம்பி. எம்புள்ளய முழுசாப் பாக்கணும். அதுக்கு மட்டும் ஒரு வழி பண்ணுங்க.”

உத்திராபதியின் கண் கலங்கிவிட்டது. கலங்குவது அவருக்கு உண்மையாகவே வரும், நேரத்துக்கும் வரும். “முழுசாத்தானே? பன்னண்டடிக்கு எட்டடி எல்இடி போட்டுடுவோம் அண்ணி. கடைசி வரிசையில நிக்கிறவனுக்கும் தெரியும்.”

அவர் சொன்னால் சொன்னதுதான். குறித்த நாளில் சமுதாயக் கூடம் கல்யாணம் போல இருந்தது. காரைக்காலிலிருந்து கல்யாண வீடியோ அலாவுதீன் திரையைக் கொண்டுவந்து பூட்டினான். மேடையில் அவனுடைய பூப்பின்னல் வளைவும் வந்து நின்றது. அது வாடகையில் சேர்ந்தே வருமாம். மாப்பிள்ளை பெண் உட்காரும் சிவப்பு வெல்வெட் நாற்காலிகள் இரண்டு. ஒன்றில் உத்திராபதி. மற்றதில் சர்வதேசச் சட்ட வல்லுநர் மணிபாரதி. நெடுங்காட்டில் பத்திரம் எழுதும் வக்கீல் அவர். அழைப்பிதழ் அச்சடித்த அன்றுதான் சர்வதேச அளவுக்கு உயர்ந்தார். முன்னால் ஒரு மேசை, அதன்மேல் சீர்வரிசைத் தட்டு. தட்டில் வெற்றிலை, பழம், ஒரு சால்வை, நடுவில் பூட்ஸ்.

கனகாம்பாள் தட்டைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள்.

“கேட்டாரு. குடுத்துட்டேன்” என்றார் காத்தமுத்து. “மேடையில வச்சு ஆதவனுக்குக் குடுத்தா பேப்பர்ல வரும், வந்தா டெல்லியில பாப்பாங்கங்கறாரு.”

குடும்பத்துக்கு முதல் வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஜெயப்ரியாவின் போனை அலாவுதீன் ஒரு முக்காலியில் மாட்டி மேடையைப் பார்க்கத் திருப்பி வைத்தான். அப்படி வைத்ததில் முதல் வரிசை போனின் முதுகுப் பக்கம் போய்விட்டது. அவன் அதைக் கவனித்து, “அம்மா தெரிய மாட்டாங்களே” என்றான். “அம்மாவக் கடைசியில மேடைக்குக் கூப்புடுவோம், உருக்கமா இருக்கும்” என்றார் உத்திராபதி.

போன் அடித்தது. பிறகு திரை முழுக்கக் கவியரசன்.

இத்தனை பெரிதாக யாரும் அவனைப் பார்த்ததில்லை. மொட்டை அடித்த தலை. சின்ன வயதில் தூண்டில் முள் கிழித்த தழும்பு, வீட்டில் தேடினால்தான் தெரியும், இங்கே வெள்ளரிப் பிஞ்சு அளவுக்கு நெற்றியில் கிடந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. பின்னால் பச்சைச் சுவர். சாம்பல் நிறச் சட்டை, அதில் கழுத்திலிருந்து மூன்று பித்தான். மூன்றாவது பித்தானோடு படம் முடிந்தது.

அவனுக்குத் தெரிந்ததோ பூப்பின்னல் வளைவும் இரண்டு வெல்வெட் நாற்காலிகளும். கண்ணைச் சுருக்கினான். ஏதோ கல்யாணத்துக்கு மாறி வந்துவிட்டோமா என்று அவன் நினைத்திருந்தால் குற்றமில்லை.

“அம்மா எங்க?”

“வணக்கம்” என்றார் உத்திராபதி மைக்கில். “கடல் கடந்து, களம் கடந்து...”

“சித்தப்பா? அம்மா இல்லையா?”

“இருக்காங்க தம்பி, எதிர்லதான் இருக்காங்க. மொதல்ல சுருக்கமா ஒரு வரவேற்புரை.”

வேறொரு கண்டத்தில் அடைபட்டிருப்பவனை இந்தக் கூடத்துக்கு வருக வருக என்று அவர் வரவேற்றார். அவனையடுத்துச் சர்வதேசச் சட்ட வல்லுநரை வரவேற்றார், ஊர்ப் பஞ்சாயத்தாரை வரவேற்றார், ஒலிபெருக்கி தந்தவரை வரவேற்றார். கவியரசன் ஒவ்வொரு பெயருக்கும் தலையாட்டினான். சின்ன வயதிலிருந்தே பெரியவர்கள் பேசினால் குறுக்கே பேசாத பிள்ளை. மணிபாரதி எழுந்து ஜெனீவா ஒப்பந்தத்தின் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து ஆரம்பித்தார். அவர் ஜெனீவாவை விட்டு வெளியே வருவதற்குள் அந்தப் பக்கம் யாரோ ஏதோ சொன்னார்கள். கவியரசன் பக்கவாட்டில் பார்த்து ஒரு வார்த்தை பதில் சொன்னான். “நேரம் கொஞ்சந்தான் இருக்காம்” என்றான் இங்கே.

“அதனால்,” என்று உத்திராபதி மைக்கைத் திரும்பப் பிடித்தார், “சிறையில் வாடும்போதும் தன் காலணியை நண்பனுக்கு ஈந்த இந்த வள்ளலின் ஆணையை, அவன் கண் முன்னாலேயே நிறைவேற்றுகிறோம்.” ஆதவனைத் தள்ளிக்கொண்டு வந்து மேடையில் நிறுத்தினார்கள். சால்வை விழுந்தது. உத்திராபதி பூட்ஸ் இரண்டையும் எடுத்துப் போனுக்கு நேராக உயர்த்திப் பிடித்தார்.

கனகாம்பாள் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மகனின் கண் பூட்ஸுக்கு வந்தது. அங்கிருந்து கீழே போனது, மூன்றாவது பித்தானுக்கும் கீழே, படம் முடிகிற இடத்துக்கும் கீழே. பிறகு மேலே வந்தது. சிரித்தான். எல்லாரும் கைதட்டினார்கள்.

அவள் எழுந்தாள். மேடைப் படியில் ஏறி முக்காலிக்கு முன்னால் போய் நின்றாள்.

“அண்ணி, நன்றியுரைக்கு முன்னாடி உங்களத்தான் கூப்புடப் போறேன்...”

அவள் முக்காலியிலிருந்து போனைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். மீன் வாடை போகாத கட்டைவிரல் ஒரு நொடி கேமராவை மறைத்தது.

“கவி.”

“அம்மா.” அவன் முகம் என்னவோ ஆனது. “அம்மா, எளைச்சிட்ட.”

“எந்திரி.”

“என்னாம்மா?”

“எந்திரிச்சு நில்லு. நான் பாக்கணும்.”

“நல்லாத்தாம்மா இருக்கேன்.”

“நல்லாருக்குன்னு சொல்லித்தான் நான் மீனயும் விக்கிறேன். எந்திரிடா.”

கூடத்தில் யாரோ சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். கவியரசன் அவளையே பார்த்தான். அவள் முகத்தில் எதைத் தேடினானோ, அது கிடைத்தது போல, இல்லை கிடைக்காதது போல, உதட்டைக் கடித்துக்கொண்டான். பக்கத்தில் இருந்த ஆளிடம் அந்த ஊர் மொழியில் ஏதோ கேட்டான். எழுந்து நிற்கலாமா என்று அனுமதி கேட்டிருக்கலாம். கை கொடு என்றும் கேட்டிருக்கலாம்.

பிறகு ஒரு உள்ளங்கை படத்துக்குள் வந்து மேசை விளிம்பில் ஊன்றியது. சட்டை மேலே போக ஆரம்பித்தது. நெற்றி திரையைவிட்டு ஏறிப் போயிற்று, தழும்பு போயிற்று, கண் போயிற்று. நான்காவது பித்தான் கீழேயிருந்து எட்டிப் பார்த்தது. அங்கே படம் நின்றது. சத்தமும் நின்றது.

“நேரம் முடிஞ்சிருச்சு” என்றாள் ஜெயப்ரியா.

கூடத்தில் மூச்சு விடாமல் இருந்தவர்களுக்கு மூச்சு விடுவதா கைதட்டுவதா என்று தெரியவில்லை. அந்தச் சந்தேகத்தை உத்திராபதி தீர்த்து வைத்தார். “எழுந்து நின்றான் பாத்தீங்களா! இதுதான் எழுச்சி! நம்ம பேரவைக்கு இந்தப் பேரு ஏன் வச்சோம்னு இப்ப புரியுதா?” கைதட்டல் கூரையில் மோதியது. நன்றியுரை நடந்தது. டீயும் சமோசாவும் வெளியே இருக்கிறது என்றார்கள். கூட்டம் வாசல் பக்கம் நகர்ந்தது.

அலாவுதீன் ஒயரைப் பிடுங்கக் குனிந்தான்.

“தம்பி, அத அமத்தாத.”

“போனு கட்டாயிருச்சும்மா. இது ரெக்கார்டு. கல்யாணத்துல எடுக்குற பழக்கத்துல எடுத்தேன். கடைசிப் படம் நிக்குது.”

“நிக்கட்டும்.”

அவன் அவளைப் பார்த்தான். “ஜெனரேட்டர்ல டீசல் இருக்குறவரைக்கும் இருக்கட்டும்மா” என்று ஒதுங்கிக்கொண்டான்.

கனகாம்பாள் திரைக்குக் கிட்டே போனாள். போகப் போகச் சட்டை சட்டையாக இல்லை, சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளாகச் சிதறியது. மூக்கு இடிக்கும் தூரத்தில் மகனே இல்லை. பின்னால் நடந்தாள். நாற்காலியில் இடித்துக்கொண்டு, பழத்தோலை மிதித்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். புள்ளிகள் சேர்ந்து மறுபடி கையும் சட்டையும் ஆயின. காத்தமுத்து அவள் பக்கத்தில் வந்து நின்றார். ரொம்ப நேரம் பார்த்தார். அவர் பார்த்த பார்வை, தூரத்தில் வரும் படகு சரிந்து வருகிறதா, சுமையால் அப்படி வருகிறதா என்று கரையிலிருந்து பார்க்கிற பார்வை.

“வலது பக்கத் தோள் எறங்கியிருக்கு” என்றார்.

“ஆமா.”

“கைய ஊனி எந்திரிச்சா யாருக்கும் எறங்கும் கனகு.”

“இவ்வளவு எறங்குமா?”

அவருக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. டீச்சரம்மாவுக்கோ சர்வதேசச் சட்ட வல்லுநருக்கோ டெல்லிக்கோ தெரியப்போவதில்லை. கனகாம்பாள் மேடைக்கு ஏறினாள். சமோசாவை முடித்துவிட்டுத் தன் நாற்காலிக்குத் திரும்பி வந்த உத்திராபதி உட்காரக் குனிகிற நேரத்தில், அவள் அதில் உட்கார்ந்தாள். வெல்வெட் உள்வாங்கியது. எதிரே மேசை. மேசைமேல் தட்டு, தட்டில் ஆதவன் எடுத்துப் போகாமல் வைத்துவிட்ட பூட்ஸ். அதை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

“ஜெயப்ரியா, அங்க போயி நில்லு. தெரையையும் பாரு, என்னையும் பாரு.”

உள்ளங்கையை மேசை விளிம்பில் ஊன்றினாள், திரையில் இருக்கும் கை ஊன்றியிருக்கிற மாதிரியே, விரல்களை அப்படியே விரித்து. இரண்டு காலையும் தரையில் பதித்து எழுந்தாள். பாதியில் நிறுத்தினாள்.

“எறங்குதா?”

“கொஞ்சம்.” ஜெயப்ரியா திரையை இன்னொரு தடவை பார்த்தாள். “கொஞ்சந்தாம்மா. அந்த அளவுக்கு இல்ல.”

“சரி.”

மறுபடி உட்கார்ந்தாள். மேசை ஆடியது. வாடகை மேசை, ஒரு கால் குட்டை. உத்திராபதி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், ஆனால் மைக் கையில் இல்லை. துண்டைத் தோளில் தள்ளிக்கொண்டு, குனிந்து, மேசை ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

கனகாம்பாள் உள்ளங்கையை விளிம்பில் ஊன்றினாள். திரையை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். வலது காலைத் தரையிலிருந்து கொஞ்சமாகத் தூக்கிப் பிடித்து, எழ ஆரம்பித்தாள்.